இந்தப் பக்கம் மேலே

எலும்பு தூங்குவதே இல்லையாமே! பழையதைக் கொஞ்சம் இடித்து, அந்த இடத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்குமாமே. இத்தனை வருஷமாக எனக்குள் ஒரு கட்டட வேலை நடந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்!

நாற்காலியில் நாலு பக்கமும் பஞ்சுத் திண்டுகள் செருகப்பட்டு உட்கார்ந்திருந்த தையல்காரம்மா, தன் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கையை ஆட்டாதே!" என்றார் கணவர்.

கண்ணாடிச் சாமான் கிடங்கில் பேக்கிங் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் கட்டி அனுப்பிய பெட்டியில் ஒரு கோப்பைகூட விரிசல் விட்டதில்லை. ஆடுகிற சாமான்தான் உடையும் என்பது அவருடைய வேதம்.

எல்லாம் குடும்ப டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளில் ஆரம்பித்தது. ஸ்கேன் முடிவைப் படித்துவிட்டு டாக்டர் இரண்டு படங்களைக் காட்டினார். நல்ல எலும்பின் உட்புறம் நெருக்கமாகப் பின்னிய லேஸ் மாதிரி இருந்தது. மெலிந்த எலும்பு, துவைத்துத் துவைத்து இழை விட்ட லேஸ். பயப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்கு வாய் பிளந்துவிட்டது. எந்த ஊசி பின்னியது இதை?

"சுமை ஏறினாத்தாம்மா எலும்பு கட்டும். காலை வெயில்ல நடங்க, படி ஏறுங்க, அளவா எடை தூக்குங்க. மாத்திரை மட்டும் போதாது" என்றார் டாக்டர்.

வண்டியை நிறுத்திவிட்டுக் கணவர் உள்ளே நுழைந்தபோது டாக்டர் கடைசி வரியில் இருந்தார்: "விழுந்துடாம பாத்துக்கணும். விழுந்தா உடையும்."

உடையும் என்றால் போதாதா அவருக்கு?

மறுநாளே வாளி அவர் கைக்குப் போனது. மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது. வெயிலில் சாமான் வெளிறும் என்று ஜன்னலுக்குத் திரை போட்டார். தரை வழுக்கக் கூடாதென்று கம்பளம் விரித்தார். அதன் ஓரம் தடுக்கி அவள் தள்ளாட, அதை மூட இன்னொரு கம்பளம் வந்தது. அதிலும் தடுக்கினாள்.

"இனிமே நடக்கவே வேணாம். உக்காரு."

"என்னங்க, டாக்டர் நடக்கத்தான் சொன்னாரு."

"அவரு வைத்தியம் படிச்சவரு. பேக்கிங் படிச்சாரா?"

வாரம் ஒரு மாத்திரை போட்டதும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்ற விதியை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றார். சில பெட்டிகளை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா?

இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால், கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷன், ஈரத்துணிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். இவருக்குள்ளும் ஏதோ இடித்துக் கட்டுகிறார்களோ? அந்த வேலை நின்றுவிடுமோ என்று பயந்து அவள் பேசாமல் இருந்தாள். நாளாக ஆக, எழுந்திருக்கும்போது முழங்கால் நடுங்கியது. அதையும் சொல்லவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டர் ஒரு நாற்காலியைக் காட்டினார். "கை ஊணாம எந்திரிங்கம்மா."

முடியவில்லை. மறுபடி முயன்றாள். நர்ஸ் வந்து தாங்கிக்கொண்டாள்.

"போன தடவை நல்லா எந்திரிச்சீங்களே! இப்படியே போனா விழுந்துடுவீங்கம்மா" என்றார் டாக்டர்.

"அதெப்படி டாக்டர்?" கணவர் தாவி எழுந்தார். "ஒரு வாளி தூக்க விடலை. படியேற விடலை. தினம் வெயில்ல கடைக்குப் போறது, மூட்டை சுமக்கிறது, மாடிக்குத் துணி கொண்டுபோறது எல்லாம் நான்தான்!"

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க உக்காந்து எந்திரிங்க, பாப்போம்."

ரப்பர் பந்து மாதிரி உட்கார்ந்து எழுந்தார். நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவில்லை. போன வருஷம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதே அறைக்கு வந்த மனுஷன்! டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நர்ஸ் அவளைப் பார்த்துக் கேட்டாள்: "உங்களுக்குச் சொன்ன வைத்தியத்தை ஐயா ஒண்ணு விடாம செஞ்சு முடிச்சிட்டாரே. நீங்க எப்பம்மா ஆரம்பிக்கப் போறீங்க?"

கணவர் அவளுடைய கால்களைப் பார்த்தார்; பிறகு தன்னுடையதை.

வெளியே, கீழே இறங்கும் படிக்கட்டுக்கு முன்னால், பழக்கதோஷத்தில் அவர் கை நீண்டது. "பையைக் குடு."

அவள் கொடுக்கவில்லை. பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி முதல் படியில் கால் வைத்தாள். அவளுக்குள்ளே எங்கேயோ கட்டட வேலையாட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.