எண்பதில் பிடுங்கும் பாய்

மதுரை மண்ணில் நான் கண்ணால் கண்ட ஒரே துறவி எண்பது பாய்தான். யானைக்கல் பக்கம் நான் வேலை பார்க்கும் கூரியர் ஆபீஸில் பார்சல்களை எடை போடுபவர். அவருக்கு வேறொரு பெயர் உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

ஆபீஸில் போன் சார்ஜ் போட இருந்த ஒரே பிளக், அவர் மேஜையோரம். யார் போனைச் சொருகினாலும் சரி, எண்பது சதவீதம் ஆனதும் பிடுங்கிவிடுவார். பில்லுக்கு ஆள் வரிசையில் நிற்கட்டும், லாரி ஹாரன் அடிக்கட்டும், எண்பத்தொன்றைப் பார்க்க அவர் விட்டதே இல்லை.

ஒருநாள் மேனேஜர் போனையே பிடுங்கிவிட்டார். மனிதர் குதியோ குதி என்று குதித்தார்.

"யோவ் பாய், நூறு ஆகட்டும்னுதானய்யா போட்டேன்!"

"சார், நீங்க நூறு வயசு இருக்கணும். அதுக்கு உங்க போன் எம்பதுல நிக்கணும்."

மேனேஜர் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆசீர்வாதத்தை யார்தான் எதிர்த்துப் பேசுவது?

பாயின் சட்டம் சின்னது. எண்பதுக்கு மேலே ஏற்றாதே. இருபதுக்குக் கீழே இறக்காதே. சூடாக விடாதே. சார்ஜ் போடும்போது கவரைக் கழற்றிவிடுவார். சித்திரை வெயிலில் போனைத் தண்ணீர்ப் பானை ஓரம் தரையில் கிடத்துவார். "பேட்டரிக்கும் ஹயாத்து உண்டு தம்பி. கழுத்து வரைக்கும் திணிச்சாலும் ஆயுசு கொறையும், பட்டினி போட்டாலும் கொறையும்" என்பார். பிரியாணி விருந்தில்கூட, கடைசித் துண்டுக் கறியைத் தொடாமல் "எம்பது ஆச்சு" என்று எழுந்துவிட்ட மகான் அவர். நான் பார்த்தேன், சாமி சத்தியம்!

நாங்கள் கேலி செய்தோம். ஆனால் தலையணைக்கடியில் விடிய விடிய சார்ஜ் போட்ட எங்கள் போன்கள் வருஷம் திரும்புவதற்குள் பூரி போல உப்பின. பாயின் போனுக்கு ஏழு வயது, அதே பேட்டரி. நாள் முழுக்க நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஒருநாள் ஆபீஸ் நண்பன் கல்யாணத்துக்கு நானும் பாயும் கொட்டாம்பட்டி போயிருந்தோம். என் மனைவிக்குப் பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்த தைரியம். சாப்பிட்டு எழுந்தபோது மாமியாரிடமிருந்து போன். "மாப்ள, வலி வந்துருச்சு. ஆபரேஷன்னு சொல்றாக. எங்கிட்டு இருக்கீக?" அவ்வளவுதான், நாற்பது காட்டிக்கொண்டிருந்த என் போன் பொசுக்கென்று அணைந்தது. எனக்கோ ஒரு நம்பர்கூட மனப்பாடமில்லை.

பஸ்ஸில் ஏறியதும் பாய் ஒரு ஊக்கால் தன் சிம்மை நெம்பி எடுத்து, என் சிம்மைப் போட்டுக் கொடுத்தார். இருபத்தேழு சதவீதம் இருந்தது. உடனே அழைப்பு வந்தது. மனைவி அழுதாள். "நீங்க பேசிக்கிட்டே இருங்க. எனக்குப் பயமா இருக்கு." தியேட்டருக்குள் கூட்டிப்போகும்வரை பேசினேன். பிறகு மாமியார் லைனைத் துண்டிக்கவே இல்லை.

மேலூர் தாண்டும்போது இருபது.

"பாய், இருபது ஆயிருச்சு."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "பேசுங்க தம்பி."

"பதினொண்ணு பாய்."

"நம்பரை ஏன் பாக்குறீக? பேசுங்க."

ஒத்தக்கடை வந்தபோது காதில் குழந்தையின் அழுகை கேட்டது. மாமியார் "மாப்ள..." என்றார். திரை இருண்டது. ஏழு வருஷத்தில் முதல்முறை.

"என்ன புள்ளை?" என்றார் பாய்.

"சொல்றதுக்குள்ள ஆஃப் ஆயிருச்சு பாய்!"

அம்புட்டுதான், ஆணா பொண்ணா என்று மாட்டுத்தாவணி வரை பஸ்ஸே பந்தயம் கட்டியது.

ஆஸ்பத்திரியில் மனைவியையும் குழந்தையையும் பார்த்துவிட்டு வெளியே ஓடிவந்தேன். வராண்டா பிளக் ஓரம், யாரிடமோ வாங்கிய சார்ஜரோடு, கவரைக் கழற்றிய போனைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார் பாய்.

"மக, பாய்! ரெண்டு பேரும் நல்லாருக்காக."

"மாஷா அல்லாஹ்" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று நானே காவலிருந்து எண்பதில் பிடுங்கினேன்.

மகளுக்கு இப்போது நான்கு வயது. வீட்டுக்கு வந்தால் பாய் முதல் வேலையாகத் தன் போனை அவளிடம் கொடுத்துவிடுகிறார். எத்தனை சதவீதம் இருக்கிறதென்று பார்ப்பதே இல்லை.