நெட்டுச் சாமியாரின் ஐந்தெழுத்து மந்திரம்

2005இல் திருவண்ணாமலையில் சாமியார்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கம்ப்யூட்டருக்குப் பேய் ஓட்டியவர் ராமதாஸ் ஒருவர்தான். கழுத்தில் உருத்திராட்சம், அதோடு ஒரு நீல நிற நெட்வொர்க் கேபிள். தேரடித் தெருவில் கண்ணாயிரம் நடத்திய பிரவுசிங் சென்டருக்கு அவர் வந்தால் வாசலில் கூட்டம் நெரியும். சிலர் ஓடாத மிக்சியைக்கூடத் தூக்கி வருவார்கள்.

அங்கிருந்த பன்னிரண்டு கம்ப்யூட்டர்களின் வயர்களும் உள்ளறையில் ‘சுவிட்ச்’ என்ற பெட்டியில் போய்ச் சேரும். அதைப் பொருத்திக் கொடுத்தவரும் ராமதாஸ்தான். அப்போது அவர் பேண்ட் போட்டிருந்தார்.

“ஐந்தெழுத்து மந்திரம் தட்டப் போறேன். எட்டிப் பாத்தா கண்ணு போயிடும்!” என்று லேப்டாப்போடு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான்காம் கம்ப்யூட்டரில் இணையம் வரும். மறுநாள் ஒன்பதாவதில் நின்றுபோகும். பேய்க்கு இடமாற்ற உத்தரவு! சாமிக்கு மறுபடியும் பட்டு வேட்டி, ஒரு டின் கடலை எண்ணெய்.

ஒருநாள் கீழ்பென்னாத்தூர் ஆதிலட்சுமி வேலைக்கு விண்ணப்பிக்க வந்திருந்தாள். மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. நாலரைக்கு அவள் உட்கார்ந்திருந்த ஒன்பதாவதில் இணையம் செத்தது. மற்றவற்றில் எல்லாம் ஆள். சாமி தாயத்து கட்டிய எட்டாவது மட்டும் காலி, அது பூஜைக்கு ஒதுக்கியது!

“சாமி இப்பதான் உள்ளறையிலருந்து கெளம்பி பூசணிக்காய் வாங்கப் போயிருக்காரு. கொஞ்சம் பொறும்மா,” என்றார் கண்ணாயிரம். ஆதிலட்சுமிக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட வந்த தோழி அபிநயா வேலூரில் நெட்வொர்க் படித்தவள். பூசணிக்காயோடு நுழைந்த ராமதாஸிடம் கேட்டாள்:

“எட்டாவதுக்குப் பேயே வராதா?”

“வராது. என் கேரண்டி!”

வரிசை எண் போக, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் இன்னொரு எண் உண்டு. அதை வைத்துத்தான் சுவிட்ச் ஆளை அடையாளம் காணும். எட்டின் எண்ணை ஒன்பதுக்கும், ஒன்பதின் எண்ணை எட்டுக்கும் மாற்றினாள் அபிநயா. ஒன்பது உயிர்பெற்றது. தாயத்தோடு எட்டு படுத்துக்கொண்டது.

“இன்னா சாமி, பேய் நம்பர் பாத்துதான் புடிக்குமா?” என்றாள்.

ஆதிலட்சுமி விண்ணப்பத்தை அனுப்பியபோது மணி நாலு ஐம்பது.

அபிநயா உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். கம்பெனிக்காரனே அடியில் கடவுச்சொல்லை ஒட்டியிருந்தான்: admin. எண்ணிப் பார்த்தால் ஐந்தெழுத்து. அதைத் தட்டி உள்ளே போனால், யாரை இணையத்துக்கு விடலாம், யாரைத் தடுக்கலாம் என்ற பட்டியல். ஒன்பதாவதின் எண்ணுக்கு நேராகத் தடை. அதைப் போட்டது எந்தக் கம்ப்யூட்டர் என்றும் பெட்டி குறித்து வைத்திருந்தது: ‘ராமதாஸ் லேப்டாப்’.

“அது... பேய் என் லேப்டாப்புல பூந்து...” என்றார் ராமதாஸ்.

“அடப்பாவி, நான் குடுத்த எண்ணெயும் பேயா தின்னுச்சு?” என்று கண்ணாயிரம் பாய்ந்தார். சாமி பின்வாசலைத் தேடி ஓடினார்.

அபிநயா தடையை அழித்தாள். எட்டாவதும் எழுந்தது. உடனே கூட்டம் என்ன செய்தது? “நெட்டு அம்மா!” என்று அவள் காலில் விழுந்தது.

“எழுந்திருங்க! இருந்த பட்டியலைப் படிச்சேன், அவ்ளோதான். அந்தக் கதவுக்குப் பூட்டுகூட இல்ல. நீங்க ஏன் தொறந்து பாக்கல?”

பார்க்காதே என்று ஒருவன் சொன்னால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதானய்யா!