கொம்பு முளைத்த சுறா

ஒரு காட்டில், கடலைக் கண்ணால் கண்ட ஜீவன் ஒன்றுகூட இல்லாத காட்டில், நரி சிங்காரம் ஆளைத் தின்னும் சுறாவைப் பற்றிப் படம் எடுக்கக் கிளம்பினான். குளம் இருந்தது. சுற்றுலா வந்தவர்களிடம் குரங்கு தொத்தன் பிடுங்கிய காமிரா இருந்தது. சுறாதான் இல்லை.

"தண்ணியில கிடக்க நம்மகிட்ட ஆளா இல்ல?" என்று சிங்காரம் எருமை மொக்கராசுவைக் கூப்பிட்டனுப்பினான்.

மொக்கராசுவுக்கு நரிமேல் ஒரு கறுவல் உண்டு. போன படம் சாமி படம். எமனுடைய வாகனமாக நடித்தது அவன்தான். மந்தையே திரண்டுபோய்ப் பார்த்தது. திரையில் வந்தது அவன் வால் மட்டும். அதுவும் ஈ ஓட்டிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து மாமனார் எதிரே பார்த்தால், "வாங்க, வால் நடிகரே!" என்பார். பக்கத்து மந்தையும் சேர்ந்து சிரிக்கும். இதையெல்லாம் மறக்கிறவன் பெரிய மனசுக்காரன். மொக்கராசு அப்படிப்பட்டவன் இல்லை.

பெண்சாதி பேச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இந்தப் படத்துலயும் உன் மூஞ்சி வரலேன்னா நான் எங்கப்பா மந்தைக்கே போயிடுவேன். ஆமா."

மொக்கராசு நரியிடம் கேட்டான்: "அண்ணே, மூஞ்சி வருமா?"

"சுறாப் படத்துல சுறா மூஞ்சி வராம இருக்குமாடா?" என்றான் சிங்காரம்.

பேச்சு அப்படி. நடந்தது வேறு. முதுகில் ஒரு பனைமட்டையைக் கொடியால் கட்டி, வாயில் பப்பாளித் தண்டைச் செருகி, "உள்ளேயே கிட. தண்டுல மூச்சு விடு. மட்டை மட்டும் சுறாத் துடுப்பு மாதிரி வெளியே தெரியணும்" என்று அவனைக் குளத்தில் அமுக்கிவிட்டார்கள்.

கதாநாயகன் மயில் ஒய்யாரம். சுறாவோடு கட்டிப் புரண்டு சண்டை போட வேண்டியவன். ஆனால் தோகை நனையக் கூடாது என்று கரையிலேயே நின்று, தண்ணீரைப் பார்த்து வசனம் பேசினான். நடுவே, "அந்த எருமை தலையைத் தூக்கிட்டா பயப்படுற படம் சிரிப்புப் படமாயிடும், பாத்துக்க" என்றும் சொல்லிவைத்தான். அது தண்டு வழியாக மொக்கராசுவின் காதில் விழுந்தது. அதையும் பழைய கறுவலோடு சேர்த்து வைத்துக்கொண்டான்.

கடைசி நாள் வந்தது. படப்பிடிப்பு முடிந்தால் பூசணிக்காய் உடைக்க வேண்டும். அது சினிமா சம்பிரதாயம். பழுத்த பூசணியில் துளை போட்டு, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, மேலே சூடம் ஏற்றி, சிங்காரம் கரையில் நின்று காமிராவுக்குச் சுற்றினான். ஒய்யாரம் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

மொக்கராசுவை வெளியே கூப்பிட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சாப்பாட்டுக்கும் கூப்பிட்டிருக்கவில்லை. காலையிலிருந்து வயிற்றில் தண்ணீர்தான். அப்போது தண்டு வழியாக ஒரு வாசனை இறங்கியது.

பூசணிக்காய்!

குளம் இரண்டாகப் பிளந்தது. பாசி வழிய, கண் பிதுங்க, மொக்கராசு பாய்ந்து வந்து பூசணியைக் கவ்வினான். கொம்பு உள்ளே குத்தி, காய் தலையிலேயே வெடித்தது. முகமெல்லாம் செக்கச்செவேல் என்று குங்குமம் ஒழுக, பல்லிடுக்கில் நார் தொங்க, "ம்ம்ம்மா!" என்று அலறினான்.

ஒய்யாரம் போட்ட கூச்சலில் தோகை பாதி உதிர்ந்துவிட்டது. சிங்காரம் மரத்தில் ஏறிவிட்டான். நரி மரம் ஏறியதை அந்தக் காடு அன்றுதான் கண்டது.

தொத்தன் காமிராவை நிறுத்த மறந்திருந்தான்.

போட்டுப் பார்த்ததும், "இதாண்டா படம்!" என்று சிங்காரம் துள்ளினான்.

வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டார்கள். மட்டை வந்தபோது கொட்டாவி விட்ட கூட்டம், முகம் வந்ததும் புதர் புதராகப் பாய்ந்தது. மாமனார் ஒரு முயல் வளையில் தலையை விட்டுக்கொண்டார்.

"மாமா, அது நான்தான்!" என்று மொக்கராசு ஓடினான்.

"போய்யா! உனக்கேது அந்தக் கம்பீரம்?" என்றார் அவர் வளைக்குள்ளிருந்து.

சிங்காரமும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்: "அசல் வெளிநாட்டுச் சுறா. இன்னும் குளத்துலதான் இருக்கு."

வழி தவறி வந்த ஒரு கடற்பறவை, "சுறாவுக்குக் கொம்பு கிடையாதே?" என்று கேட்டது. படமே பார்க்காமல் பேச வந்துவிட்டதாக அதை அடித்து விரட்டினார்கள்.

அதன்பிறகு குளத்துப் பக்கம் ஒருவரும் வரவில்லை. மனம் வெறுத்துப்போய் மொக்கராசு அங்கே போய்ப் படுத்தான். முன்பெல்லாம் யானை குளித்து, மான் குடித்து, மிச்சக் கலங்கலுக்குத்தான் எருமை வரிசை வரும். இப்போது தெளிந்த தண்ணீர், தாமரைக் கிழங்கு எல்லாம் அவனுக்கே. இது கெட்டுப்போகாமல் இருக்க, பனைமட்டையை மறுபடி முதுகில் கட்டிக்கொண்டான்.

பேச்சி வந்தாள். தண்ணீருக்கு மேலே பனைமட்டையைப் பார்த்தாள்.

"அதைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுய்யா. நானும் படுக்கணும்" என்றாள்.

"நான்னு எப்படிப் புள்ள தெரிஞ்சுது?"

"பூசணிக்காய்க்கு இப்படிப் பாயுற மூஞ்சி எனக்குத் தெரியாதா? எங்கப்பாகிட்ட மட்டும் மறுபடி சொல்லிடாத."

கோடை முற்றியதும் மாமனாரே வந்தார். தூரத்தில் நின்று நடுங்கிக்கொண்டு, "சுறா ஐயா, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கலாமா, ஐயா?" என்றார்.

அந்த வாயிலிருந்து 'ஐயா' வருவதை மொக்கராசு கண்ணை மூடிக் கேட்டான். இன்னொரு தடவை கேட்கலாமா என்று ஆசையாக இருந்தது. பிறகு மெல்லத் தலையைத் தூக்கினான்.

அன்று மொத்தக் காடும் பார்த்தது தலைதெறிக்க ஓடிய மாமனாரின் வாலைத்தான்.

நீதி: உண்மையைச் சொல்லி ஊரை நம்பவைக்கப் பாடுபடாதே. ஊர் நம்பும் பொய்யில் தண்ணீர் நன்றாக இருந்தால், இறங்கிப் படுத்துக்கொள்.