நடந்தால் சிடி கெட்டுவிடும்

பெண் பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி வைத்த குடும்பம் வேறு எங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பம் அப்படி ஒன்று. நிறுத்தி வைத்தவன் சாட்சாத் நான்தான்.

அப்போது ஜெஞ்சாரோமில் ஒரு பழைய பலகை வீட்டில் இருந்தோம். நான் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன் (படித்தேன் என்பது அப்பாவின் நம்பிக்கை). அக்காவுக்குச் செராஸிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பரதநாட்டியம் என்றால் உயிர். அக்கா ஆடிய வீடியோவைப் பார்க்க ஆசைப்பட்டார். நேரில் வரும்போது தன் பையன் சிடியில் போட்டுக் கொடுத்துவிடுவான் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அக்காவுக்குப் போட்டோவிலேயே அந்த மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. அதனால் சிடியில் நான் சொதப்பவே கூடாது.

என் கம்ப்யூட்டரோ செகண்ட் ஹேண்ட். ஒரு சிடி பர்ன் செய்ய, அதே அளவு இடம் ஹார்ட் டிஸ்க்கில் காலியாக இருக்க வேண்டும். என்னிடம் இருந்த இடத்தில் அக்காவின் ஒரு கால் சலங்கைகூட அடங்காது. விளையாட்டுகளை அழித்தேன், போதவில்லை. அசைன்மென்டுகளை அழித்தேன் (இதில் வருத்தம் இல்லை). இடம் கிடைத்தது. ஆனால் மெமரி குறைவு. பாதியில் கம்ப்யூட்டர் ஒரு நொடி தடுமாறினாலும் சிடி குப்பைக்குத்தான். அப்படி ஒவ்வொன்றாகச் செத்து, அவர்கள் வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியது ஒரே ஒரு சிடி.

பலகைத் தரையில் யாராவது நடந்தால் மேசை ஆடும். மேசை ஆடினால் சிடி கெடும் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து, வீட்டில் ஊரடங்கு போட்டேன். அம்மா பிளெண்டரைத் தொடக்கூடாது. அக்கா பாதி கட்டிய சேலையோடு அறைக்குள் அசையாமல் நிற்க வேண்டும். தட்டிக்கேட்கக்கூடிய அப்பா, பலகாரம் வாங்கக் கிள்ளானுக்குப் போயிருந்தார்.

பாதி ஓடியிருக்கும், வாசலில் கார் சத்தம். இராகு காலத்துக்கு முன்பே வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டார்கள். பூனை மாதிரி நடந்து போய்க் கேட்டைக் கொஞ்சமாகத் திறந்தேன்.

"ஆன்டி, கொஞ்ச நேரம் இங்கயே நில்லுங்க. உள்ள நடந்தா உங்க சிடி கெட்டுப் போயிரும்."

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். அவர்களோடு வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ரம்புத்தான் மரத்தடியில் ஒதுங்கினார்கள். நான் சன்னல் வழியே "எண்பது", "தொண்ணூறு" என்று ஏலம் விடுகிறவனைப்போல அறிவித்துக்கொண்டிருந்தேன். சகுனமே சரியில்லை, திரும்பிவிடலாம் என்று பெரியப்பா சொன்னது காதில் விழுந்தது. அறைக்குள் அக்கா மூக்கை உறிஞ்சியதும் விழுந்தது.

நல்லவேளை, அப்பாவின் மோட்டார் சைக்கிள் வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார் (இன்னும் சுடுகிறது). இராகு காலம் தொடங்குவதற்குள் எல்லோரையும் உள்ளே அழைத்து வந்துவிட்டார். பலகை தடதடத்தது. நான் மேசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சிடிக்கு ஒன்றும் ஆகவில்லை. தொண்ணூற்றேழு. அப்போது திரையில் வண்ண வண்ண மீன்கள் நீந்த ஆரம்பித்தன. வருகிறவர்கள் அசந்து போகட்டும் என்று காலையில் நானே போட்டு வைத்த மீன்கள். கம்ப்யூட்டர் திணறி, செத்த சிடியை வெளியே துப்பியது.

மாப்பிள்ளை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஸ்கிரீன் சேவர ஆஃப் பண்ணலையா?"

அறைக்குள் அழுதுகொண்டிருந்த அக்கா பக்கென்று சிரித்துவிட்டாள். அதைக் கேட்டு மாப்பிள்ளையும் சிரித்தார். அவருடைய அம்மா மகனையும் அறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிடி கெடக்குது லா. கல்யாணத்துக்கு அப்புறம் நம்ம வீட்டுலயே ஆடச் சொல்லிப் பாத்துக்கறேன்."

அப்பா பலகாரப் பையைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார்.

அந்த மாப்பிள்ளைதான் இன்றைக்கு என் மாமா. இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால் உள்ளே நுழைய மாட்டார். கேட்டுக்கு வெளியே நின்று, "பர்ன் ஆயிருச்சா தம்பி, வரலாமா?" என்று கேட்பார். நான் "தொண்ணூற்றேழு" என்று கத்த வேண்டும். அவருடைய பிள்ளைகள் சிடியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்களும் தங்கள் அப்பாவோடு அசையாமல் வெயிலில் நிற்கிறார்கள்.