உன் முட்டி விஷயமாக

சேசு மரி சூசை துணை

சோரியாங்குப்பம்

மூலக்குளத்தில் லிப்ட் வைத்த வீட்டில் இருக்கும் தங்கை ஸ்டெல்லாவுக்கு, அக்கா ரோசம்மாள் எழுதுவது. நீ நலமாகத்தான் இருப்பாய். நான் நலமில்லை. நீ கேட்கப் போவதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பாகூரில் பஸ் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் இருக்கும்போதே கண்டக்டர் விசில் ஊதி, என் வலது முட்டி உடைந்து, கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. "மொதல்ல எப்டி இருந்துச்சின்னு தெரிஞ்சாதாம்மா வெட்டிச் சேக்க முடியும்" என்றார் டாக்டர். விட்டால் காலம் முழுக்கக் கட்டில்தானாம். உடையாத முட்டியை யார் படம் பிடித்து வைத்தார்கள்? உன் கல்யாண போட்டோவில்கூட நீ முழுசாக நிற்கிறாய், நான் இடுப்பு வரைக்கும்தான். இடது முட்டியோ நாற்று நட்டே தேய்ந்தது, மாதிரிக்கு ஆகாதாம்.

அதற்காக இளவரசி என்று ஆராய்ச்சி படிக்கிற பெண்ணை அனுப்பினார். அவள் கம்ப்யூட்டரில் எத்தனையோ பேர் முட்டிகளைச் சேர்த்து நடுவாந்தரமாக ஒரு முட்டி செய்து வைத்திருக்கிறாள். அது யாருடையதும் இல்லை, எல்லார் சாயலும் இருக்கிறது. திரையில் ஒரு பட்டையைத் தள்ளினால் எலும்பு பருக்கிறது, இன்னொன்றைத் தள்ளினால் ஒடுங்குகிறது. "ஜனங்க எலும்பு இந்த அளவுக்குள்ளதான் மாறும் ஆயா. உன்னுதுல நல்லா இருக்கிற பக்கத்த வெச்சி, கெட்டுப்போன பக்கம் எப்டி இருந்திருக்கும்னு இது சொல்லிடும்" என்றாள். மிச்சத்தை வைத்துப் போனதை வரவழைக்க முடியுமென்றால் உன் மாமாவை அல்லவா முதலில் வரவழைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் சட்டை ஒன்று மிச்சம் இருக்கிறது.

சுரங்கம் மாதிரி மெஷினில் படுக்கவைத்து, "கால நேரா நீட்டி ஆடாம படு ஆயா" என்று சொல்லிவிட்டு, படம் எடுக்கிற பையன் கண்ணாடி ரூமுக்குள் போனான். எதிர்ச் சுவரில் மாதா படம் போட்ட காலண்டர். மாதாவுக்கு நேரே காலை நீட்ட நான் என்ன உன்னைப் போல் வளர்ந்தவளா? போர்வைக்குள் முட்டியை ஒருக்களித்து மடக்கிக்கொண்டேன். உயிர் போகிற வலி. மாதாவுக்குத் தெரியும்.

மறுவாரம் இளவரசி முகம் வாடி வந்தாள். "இன்னா ஆயா, உன் முட்டி எந்த முட்டியோடவும் சேர மாட்டேங்குது! திருகிக்கினு நிக்குது."

"எங்க வம்சமே யாரோடவும் சேராது" என்றேன்.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? அவங்க முட்டியப் படம் எடுத்தா சாயல் கெடைக்குதான்னு பாக்கலாம்."

நான் ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தேன். என் மகள் ஆரோக்கியசெல்விதான், "யம்மா, சித்திக்கு எழுதும்மா. வீம்பு புடிச்சிக்கினு படுத்தே கெடக்கப் போறியா?" என்று அழுதாள்.

உன் முட்டியை நம்பி நான் எப்படி எழுந்து நிற்பது ஸ்டெல்லா? செல்வி கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டார் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருக்க, "முட்டி மடங்கலக்கா, ஒரு சேர் போடு" என்று நீ மட்டும் நின்றாய். "நேத்து தேர் பின்னாடி நடந்த முட்டி இன்னிக்கு மடங்கலையாடி?" என்று கேட்டேன். போட்ட இலையை விட்டுப் போனவள்தான். நீ கட்டியிருந்தது பச்சைச் சேலை, மாம்பழக் கரை. இலையில் அப்போது வெறும் உப்புதான் வைத்திருந்தார்கள். அது பொய் வலி, இன்றைக்கும் சொல்வேன். அந்தப் பொய் முட்டியின் சாயல் எனக்கு வேண்டாம், நீ வர வேண்டாம். வந்தே தீருவேன் என்றால், காலை பஸ்ஸில் ஜனம் குறைவு.

மாதா உன் பிள்ளைகளைக் கைவிடாதிருப்பாளாக. உன் முட்டியையும்.

இப்படிக்கு,
நீ மறந்துபோன அக்கா
ரோசம்மாள்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் இளவரசி வந்தாள். இந்தக் கடிதத்தைப் படித்திருந்த செல்வி காலண்டர் கதையைச் சொன்னதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எலும்பின் உருவம் வேறாம், அதை மடக்கி வைத்திருப்பது வேறாம். நான் மடக்கியதை உருவம் என்று கம்ப்யூட்டர் நம்பிவிட்டதாம். காலண்டரைக் கழற்றிவிட்டு மறுபடி எடுத்தார்கள். பொருந்திவிட்டது. என் முட்டி எல்லாருக்கும் இருக்கிற நடுவாந்தர முட்டிதானாம். இவ்வளவு வலித்ததற்கு அது கொஞ்சம் அவமானம்தான். வியாழக்கிழமை ஆபரேஷன். உன் முட்டி தேவைப்படவில்லை. ஆனாலும் வா. எனக்கு இனிமேல் தரையில் உட்கார ஆகாது என்று செல்வி சேர் வாங்கப் போனாள். ரெண்டாக வாங்கி வரச் சொன்னேன்.