ஆத்தா கேட்ட இரண்டாவது சுற்று

மூச்சிரைப்புக்காரனைப் படுக்கையில் தள்ளுவது குளிரும் தூசியும்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அவற்றைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு: சில மாதங்கள் தொடர்ந்து நன்றாக இருப்பது. நன்றாக இருக்கிறவனுக்கு அறிவு வளர்ந்துவிடும். மருந்து எதற்கு என்று கேட்பான். பதிலையும் அவனே சொல்லிக்கொள்வான்.

மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எனக்கு வேலை. துரைமார் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆபீசில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் தோட்டத்து ஜனங்களுக்கு நான், துரை காலத்துக் குமாஸ்தாவைக் கூப்பிட்ட மாதிரி, 'கிராணி'தான். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. டாக்டர் இரண்டு மருந்து கொடுத்திருந்தார். இரண்டும் வாயில் வைத்து அமுக்கி உள்ளே இழுக்கிற வகை. நீலக் கலர், மூச்சு முட்டும்போது. பழுப்புக் கலர், தினமும் காலையும் மாலையும். மூச்சு நன்றாக இருக்கிற நாளிலும். இந்த 'நன்றாக இருக்கிற நாளிலும்' என்பதில்தான் எனக்கும் மருத்துவ உலகத்துக்கும் தகராறு.

நான் கொஞ்சம் படிக்கிறவன். மருந்துப் பெட்டிக்குள் பூச்சி பூச்சியான எழுத்தில் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, அதைக் கடைசி வரி வரை படித்த மனிதன் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பக்கவிளைவுகள் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'நிறுத்தக் கூடாது' என்ற பகுதியை ஒரு தடவை படித்தேன். படித்துவிட்டு நிறுத்தினேன்.

"இழுப்பே இல்லையே, எதுக்கு மருந்து?" என்று என் மனைவி செல்வியிடம் விளக்கினேன்.

"கூரை ஒழுகலையேன்னு யாராச்சும் தகரத்தப் பிரிப்பாங்களா?" என்றாள்.

(படிக்காதவர்களோடு வாதம் செய்வதில்லை என்று எனக்கு அப்போது ஒரு கொள்கை இருந்தது. அவள் என்னைவிட அதிகம் படித்தவள் என்பது வேறு விஷயம்.)

இந்த நிலையில் வந்தது தோட்டத்து மாரியம்மன் திருவிழா. கொரோனாவுக்குப் போட்ட எம்சிஓ ஊரடங்கெல்லாம் முடிந்து, பழையபடி பெரிதாக நடந்த முதல் திருவிழா. தேர் புறப்பட்டது சனிக்கிழமை காலை. (செல்வி வெள்ளிக்கிழமை என்பாள். வெள்ளிக்கிழமை கரகம். இதில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.) நான்தான் கோயில் செயலாளர். எதையும் விட்டுவைக்காத செயலாளர். தேர்க்கயிற்றை இழுத்துப் பார்த்தேன். மைக்கில் "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்தேன். சாம்பிராணி மட்டமாக இருக்கக்கூடாது என்று நானே கடை கடையாக முகர்ந்து, புகை அடர்த்தியாக வருகிற முதல் தரச் சரக்கை வாங்கினேன். என்னைக் கொல்லப் போகிற பொருளை இவ்வளவு அக்கறையாகத் தேர்ந்தெடுத்தவன் வேறு யாராவது இருக்கிறானா தெரியவில்லை.

தேர்க்கயிற்றைத் தொடுகிற ஆண்கள் சட்டை போடக்கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். நானும் கழற்றினேன். ராத்திரி பெய்த மழையில் எங்கே பார்த்தாலும் ஈரம். பக்கத்தில் குமாரின் லோரி நின்றது. குமார் என் மனைவியின் தம்பி. கதவைத் திறந்து, சட்டையை நான்காக மடித்து, சீட்டின் மேல் வைத்தேன். பையில் நீல மருந்து இருந்தது. அது வெளியே விழாமல் இருக்கப் பையை உள்பக்கமாக வைத்து மடித்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

குமார் லோரியை எடுத்துக்கொண்டு கோலா தெர்லாவுக்குப் போய்விட்டான். அன்னதானத்துக்கு ஒரு தோட்டக்காரர் முட்டைக்கோஸ் தருவதாகச் சொல்லியிருந்தார். அவனை அனுப்பியதே நான்தான்.

தேர் புறப்படும் முன் கடைசிப் பூசை. உறுமி அடிக்கத் தொடங்கியது. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி வந்து கோயிலின் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தது. அதோடு என் முதல் தரச் சாம்பிராணியும் சேர்ந்துகொண்டது. முதலில் தொண்டையில் சின்னதாக ஒரு கமறல். பிறகு மார்பின் மேல் யாரோ மெதுவாக உட்கார்கிற மாதிரி இருந்தது. நான் சாதாரணமாகக் கையை மார்புக்குக் கொண்டுபோனேன், சட்டைப் பையைத் தொட.

வெறும் தோல்.

அந்த நொடியில்தான் லோரி ஞாபகம் வந்தது. ஆஸ்துமாக்காரர்களுக்குத் தெரியும்: கையில் மருந்து இருந்தால் பாதி இழுப்பு பயந்து ஓடிவிடும். மருந்து இல்லை என்று தெரிந்தால் அது தன் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வரும். மூச்சை உள்ளே இழுத்தேன், ஒரு மிடறுதான் போனது. வெளியே விட்டேன், விசில் வந்தது. தோள்கள் இரண்டும் காதைத் தொடுகிற அளவுக்கு ஏறி இறங்கின. உடம்பு தூக்கிப் போட்டது. கண் விழி பிதுங்கியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

யார் மேல் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

உறுமிக்காரர்கள் என் காதருகே வந்து வேகத்தைக் கூட்டினார்கள். சாமி வந்தவர் விழுந்துவிடாமல் இடுப்பில் துண்டைக் கட்டிப் பிடிப்பது வழக்கம். இரண்டு பேர் என்னை அப்படிப் பிடித்தார்கள். இரண்டு பேருமே கொழுந்து மூட்டை தூக்குகிறவர்கள். வெளியே ஓடலாம் என்ற கடைசி வழியும் அடைபட்டது.

"கிராணிக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லையே!" என்றார் கோயில் தலைவர் பெருமாள் அண்ணன், கண் கலங்கி.

"முத தடவையாச்சே, அதான் உக்கிரமா இருக்கா," என்றார் பூசாரி. சொல்லிவிட்டுச் சட்டித் தணலில் இன்னும் ஒரு கைப்பிடி சாம்பிராணியைப் போட்டு, என் முகத்துக்கு நேரே காட்டினார்.

பேச முயன்றேன். வாக்கியம் என்பது எவ்வளவு மூச்சுச் செலவாகிற பொருள் என்று அன்றுதான் தெரிந்தது. "லோ..." என்றேன். உறுமி அதை விழுங்கிவிட்டது. சைகைதான் வழி. கைமுட்டியை வாயருகே வைத்து, கட்டை விரலால் அமுக்கிக் காட்டினேன். உலகத்தில் எந்த ஆஸ்துமாக்காரனும் புரிந்துகொள்கிற சைகை. சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் ஆஸ்துமா இல்லை.

"தாயிக்குத் தாகமா இருக்கு!"

வேப்பிலை மிதக்க ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் வந்தது. வாயில் கொஞ்சம், தலையில் மீதி. மலைக் காலையில், வெற்று உடம்பில். அதுவரை பாதி மூடியிருந்த மார்பு முக்கால்வாசி மூடிக்கொண்டது.

சாகப் போகிறேன் என்று நிஜமாகவே நினைத்தேன். அந்த நேரத்திலும் என் புத்தி தன் வேலையைப் பார்த்தது. இந்தக் கோயிலின் வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவன் நான். நான் போய்விட்டால் அந்த அத்தியாயத்தை வேறு யாரோ எழுதுவார்கள். 'தேர் அன்று ஆத்தாவோடு கலந்தார்' என்று எழுதுவார்கள். கிழமையை வெள்ளி என்று போடுவார்கள். வருஷா வருஷம் என் படத்துக்கு முன்னால் சாம்பிராணி போடுவார்கள்.

இருந்த மூச்சையெல்லாம் திரட்டி இன்னொரு முயற்சி செய்தேன். மருந்தை இரண்டு தடவை அமுக்கினால் போதும், லோரியைத் திருப்பிக் கூப்பிடுங்கள். இதுதான் செய்தி. இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன். பிறகு இரண்டு கையாலும் லோரி ஸ்டியரிங்கைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன்.

பெருமாள் அண்ணன் மூச்சு விடாமல் பார்த்தார். (அவருக்கு முடிந்தது.) பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"ரெண்டு சுத்து! தேர் ரெண்டு சுத்து வரணும்னு தாயி கேக்குறா!"

"ஓம் சக்தி!" என்றது கூட்டம்.

நான் 'இல்லை' என்று தலையை ஆட்டினேன். சாமி வந்தவன் தலையை ஆட்டினால் அது சாமியாட்டம். இன்னும் பலமாக ஓம் சக்தி.

இதற்குள் அன்னதானக் கொட்டகைக்குச் செய்தி போயிருந்தது. அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்த செல்வியிடம், "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு ஆத்தா வந்திருக்கா!" என்று ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். செல்வி கத்தியைக் கீழே வைத்தாளாம்.

"அவருக்கு ஆத்தா வரமாட்டா. அவருக்கு இழுப்புத்தான் வரும்."

கைப்பையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடி வந்ததை நான் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த குரலைத்தான் கேட்டேன்.

"தள்ளுங்கண்ணே!"

"இரும்மா, இப்ப கிட்ட வரக்கூடாது. தாயி கோவிச்சுக்குவா," என்று பெருமாள் அண்ணன் தடுத்தார்.

"தாயிகிட்ட நான் பேசிக்கிறேன். ஒதடு நீலமாகுது, கண்ணு தெரியலயா? அந்தச் சட்டியை வெளிய கொண்டு போங்க!"

பூசாரி சட்டியோடு மறைந்தார். செல்வி என்னைக் கோயில் படியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். பையிலிருந்து ஒரு நீல மருந்தும், அதைச் செருகுகிற பிளாஸ்டிக் குழாயும் வெளியே வந்தன. குழாய் வைத்து எடுத்தால் மருந்து நேராக நெஞ்சுக்குப் போகும். அது பால்புட்டி மாதிரி இருக்கிறதென்று நான்தான் வீட்டை விட்டு வெளியே எடுக்க வெட்கப்படுவேன். எனக்குத் தெரியாமல் ஒரு ஜோடியைத் தன் பையிலேயே அவள் வைத்திருந்திருக்கிறாள்.

குலுக்கினாள், செருகினாள், அமுக்கினாள். "இழுங்க. மெதுவா. விடுங்க. இன்னொன்னு." இரண்டு எனக்குப் போதவில்லை. மறுபடி, மறுபடி, நிதானமாக, ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே இருந்தாள். தோட்டமே கைகூப்பி நிற்க, ஆத்தா பால்புட்டியில் மருந்து குடித்தாள். நல்லவேளை, செல்வி எத்தனை தடவை அமுக்கினாள் என்று பெருமாள் அண்ணன் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அந்தத் தேர் இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாக மார்புக் கதவு திறந்தது. தோள் இறங்கியது. "ஆத்தா மலையேறிட்டா," என்றார் யாரோ, திருப்தியாக.

மலையேறியது ஆத்தா, தானா ராத்தா டவுனுக்கு இறங்கியது நான். முட்டைக்கோஸோடு திரும்பி வந்த குமாரின் லோரியிலேயே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் சட்டை, மடிப்புக் கலையாமல், சீட்டில் அப்படியே இருந்தது.

அவசரப் பிரிவில் முகமூடி மாட்டி, புகை மருந்து வைத்தார்கள். (அன்றைக்கு என் மூக்குக்குப் போன புகைகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.) என் மேலிருந்த மஞ்சளையும் வேப்பிலையையும் பார்த்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். சட்டைப் பையிலிருந்த நீல மருந்தை வாங்கி, தட்டிப் பார்த்து, அமுக்கிப் பார்த்தார்.

"அங்கிள், இது காலி."

நானும் வாங்கி அமுக்கிப் பார்த்தேன். அந்த லோரி உடனே திரும்பி வந்திருந்தாலும், நான் சட்டையைக் கழற்றாமலே இருந்திருந்தாலும், கதை அதேதான். தேர்க்கயிறு முதல் மைக் வரை சோதித்த செயலாளர் சோதிக்காமல் விட்ட ஒரே பொருள் அது.

"பழுப்புக் கலர் மருந்து தினமும் எடுக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"தேவைப்பட்டா எடுப்பேன்."

"தேவைப்படாம இருக்கத்தான் அங்கிள் அத எடுக்கிறது. இழுப்பு இல்லாம நல்லா இருந்தீங்கல்ல, அது அந்த மருந்து செஞ்ச வேலை. நீங்க வேலைக்காரன நிறுத்திட்டீங்க."

"இவரு நிறைய படிப்பாரு டாக்டர்," என்றாள் செல்வி. "அதான் இவருக்கு வியாதியே."

மறுநாள் வீட்டுக்கு வந்தேன். வந்த கையோடு கோயில் கமிட்டியில் உண்மையைச் சொன்னேன். அது சாமி இல்லை, ஆஸ்துமா. ரெண்டு விரல் என்றால் மருந்து, கையைச் சுற்றினது லோரி. எனவே, இந்த வருஷம் இரண்டு சுற்று வந்தது போகட்டும், அடுத்த வருஷம் தேரை ஒரு சுற்றே விடலாம் என்று தெளிவாக எடுத்துரைத்தேன். பெருமாள் அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"ஆத்தா எந்த ரூபத்துலயும் வருவா லா, கிராணி. ஆஸ்துமா ரூபத்துல வரக்கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

நான் படித்த எதிலும் எழுதியிருக்கவில்லை.

ஆக, எங்கள் தேர் இன்றும் வருஷா வருஷம் தொழிலாளர் லயன் வீடுகளை இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. எங்கள் ரோடு மேடும் பள்ளமுமானது. இரண்டாவது சுற்றில் மேட்டில் தேரை இழுக்கும்போது இளைஞர்கள் என்னைப் பார்க்கிற பார்வையில் பக்தி கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். போன திருவிழாவுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி வந்து, இரட்டைச் சுற்று எப்போது தொடங்கியது என்று விசாரித்தாள். "அது நம்ம பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம்," என்று பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அடித்துச் சொன்னான். தேதி தெரிந்த ஒரே மனிதன் நான். மாணவிக்கு அன்னதானக் கொட்டகைக்கு வழி காட்டினேன்.

வீட்டில் மட்டும் யாருக்கும் பக்தி வரவில்லை. காலையிலும் மாலையிலும் நான் பழுப்பு மருந்தைக் கையில் எடுத்தால் போதும், என் மகள் ஒரு தம்ளர் தண்ணீரைப் பூசாரி மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்து நிற்பாள். அந்த மருந்து எடுத்தபின் வாயைக் கழுவ வேண்டும்.

"ஆத்தா, வாய் கொப்புளிச்சியா?" என்பாள்.

அடுப்படியிலிருந்து செல்வியின் குரல் வரும்: "கொப்புளிக்கலன்னா சொல்லு, மூணாவது சுத்துக்குப் பெருமாள் அண்ணன்கிட்ட சொல்லி வைக்கிறேன்."