அலறல் பட்டனும் கீழ்வீட்டுப் பல் டாக்டரும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. தாங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்களும் நலமே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பதால் அந்த வரியைத் தற்சமயம் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தாங்கள் உருவாக்கியிருக்கும் சத்தச் செயலியைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். கைதட்டல், சிரிப்பு, கண்ணாடி உடைவது, ஒரு பெண்மணி அலறுவது எனப் பன்னிரண்டு பட்டன்கள். "மாமா, விடாம அமுக்கிட்டே இருங்க, சத்தம் எங்கயாவது திக்குதா பாருங்க" என்றீர்கள். வேலைக்காலம் முழுவதும் நூலகத்தில் "சத்தம் போடாதீங்க" என்று அதட்டியே ஓய்வு பெற்றவனிடம் இப்படி ஒரு வேலை! ஆனாலும் மாப்பிள்ளை சொல்லைத் தட்ட முடியுமா? நேற்று மத்தியானம் உங்கள் மாமியார் கண்ணயர்ந்ததும் அக்கம்பக்கம் கேட்காமலிருக்கக் கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அலறலை அமுக்கினேன். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினேன். ஊஹூம். கண்ணாடியை அமுக்கினேன், கைதட்டலை அமுக்கினேன், கட்டைவிரல் வலிக்கும்வரை மாற்றி மாற்றிக் குத்தினேன்.

பட்டன் மேல் ஒரு குற்றமும் இல்லை மாப்பிள்ளை. கீழே கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர்தான் நம் வீட்டு ஓனரும். போன வாரம் அவரிடம் பல்லைக் காட்டப் போனபோது, காத்திருக்கிற அறை ஸ்பீக்கரில் பழைய பாட்டுப் போடலாமென்று என் போனை அதோடு இணைத்தேன். அந்த இணைப்பு இன்னும் அறுபடவில்லை. நான் இங்கே அமுக்க, அலறல் அத்தனையும் அங்கே!

உள்ளே டாக்டர் ஒரு லாரி டிரைவர் வாய்க்குள்ள குறடை விடப் போற நேரம். வெளியே உட்கார்ந்திருந்தவங்க காதுல முதல்ல அலறல். அப்புறம் கண்ணாடி உடையுது. அதுக்கு அப்புறம் கைதட்டல்! வீங்கின கன்னத்தோட வந்த ஒரு அம்மா, "எனக்கு வலியே இல்லைங்க"ன்னு செருப்பைக்கூட மாட்டாம ஓடியிருக்காங்க. லாரி டிரைவர் வாயில பஞ்சோட, கழுத்துல கட்டின துணியோட வாசலைத் தாண்டிட்டாராம்.

டாக்டர் குறடும் கையுமா மாடிக்கு ஓடி வந்தார். "சார், கீழே யாரோ அலறுறாங்க, ஆளைக் காணோம்!" நான் உங்க மாமியாரை எழுப்பித் தண்ணி கொண்டுவரச் சொல்லிட்டு, "பயப்படாதீங்க டாக்டர், எல்லாம் மனப்பிரமை"ன்னு ஆறுதல் சொன்னேன். சொல்லும்போது இந்தப் பாழாப்போன கட்டைவிரல் சும்மா இருந்தாத்தானே! டாக்டர் திறந்துபோட்டு வந்த கதவு வழியா, கீழேயிருந்து கைதட்டல். டாக்டர் என் விரலைப் பார்த்தார். விரல் மறுபடி பட்டது. மறுபடி கைதட்டல். உங்க மாமியார் டம்ளரைத் தரையில வெச்சுட்டு, "அந்தப் போனைக் கீழே வைங்க"ன்னா. ஒரே தடவை, மெதுவா. அந்தக் குரல் உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்டுடலாம்னு ரெண்டு கையையும் கூப்பினேன். போன் நடுவுல மாட்டிக்கிச்சு. நான் "தெரியாம நடந்துபோச்சு டாக்டர்"னு உருகி உருகிச் சொல்ல, கீழே சிரிப்பு. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது, அதுமேல இன்னொண்ணு. திக்கல் கிக்கல் எதுவும் இல்லை, அந்த விதத்துல உங்க வேலை சுத்தம். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க"ன்னுட்டு டாக்டர் இறங்கிப் போயிட்டார்.

ஆகவே மாப்பிள்ளை, அந்தச் செயலியை அடியோடு அழித்துவிடுங்கள். ஓசை எழுப்பாத தொழில் ஏதாவது பாருங்கள். என் மகளிடம் இதைச் சொல்ல வேண்டாம். இருவரும் எல்லா நலமும் பெற்று, கூடியவரை அமைதியாக நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்

பி.கு.: மேலே எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போட்டுடுங்க. இப்பத்தான் டாக்டர் வந்துட்டுப் போனார். காலி பண்ண வேண்டாமாம். எதிர் வரிசையில புதுசா ஒரு பல் டாக்டர் கிளினிக் திறந்திருக்காராம், நல்ல கூட்டமாம், அங்கேயும் ஒரு ஸ்பீக்கர் இருக்காம். நாளைக்கு நான் அங்கே பல்லைக் காட்ட நேரமும் வாங்கிக் கொடுத்துட்டார். பல் ராவுற மெஷின் சத்தத்தை அவரே பதிவு பண்ணி உங்களுக்கு அனுப்புறார். தயவுபண்ணி அதைப் பதிமூணாவது பட்டனா சேர்த்துடுங்க.